சின்ன டாக்டர் பட்டாளத்துக்குப் போனது

சின்ன டாக்டருக்கு உட்காரத் தெரியாது. அவள் பல் மருத்துவம் படிக்கப் போவதற்கு வெகுகாலம் முன்பே, ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் வீட்டுப்பாடம் எழுதிய நாட்களிலேயே எனக்கு அது தெரியும். ஒரு கணக்குப் போடுவாள், எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள். அடுத்த கணக்குப் போடுவாள், எழுந்துபோய் அதே ஜன்னலை மூடுவாள். காத்திருக்கும் நோயாளிகளுக்குப் பல்வலியோடு தலைவலியும் சேர்ந்துகொள்ளும்.

நான் அந்தக் கிளினிக்கில் உதவியாளர். கருவிகளைச் சுத்தம் செய்து ஆவியில் வைத்து எடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பயந்தவர்களின் தோளைத் தொட்டு, "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிக்கற மாதிரிதான்" என்று கூசாமல் பொய் சொல்வது, இதெல்லாம் என் வேலை. பெரிய டாக்டர் அவளுடைய அப்பா. கீழே கிளினிக், மேலே வீடு. முப்பது வருடங்களாக ஒரே சுழல் ஸ்டூலில் உட்கார்ந்து ஊராரின் வாயைப் பார்த்தவர் அவர். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே பெண். அவள் படித்து முடித்து வந்த வாரத்தில் இரண்டாவது நாற்காலி லாரியில் வந்து இறங்கியது. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், நடுவே ஒரு கண்ணாடித் தடுப்போடு அதைப் பொருத்தினோம். வெளிப்பலகையில் அவர் பெயருக்குக் கீழே அவள் பெயரும் ஏறியது. அன்று பெரிய டாக்டர் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அவளுக்குக் கைராசி இருந்தது. ஊசி போட்டால் வலிக்காது. பிடுங்கும்போது பல்லோடு சண்டை போடமாட்டாள். ஆனால் நின்றுகொண்டேதான் எல்லாம் செய்வாள். அவளுக்கென்று வாங்கிய ஸ்டூல் சுவரோரம் கிடந்தது, என் கைப்பையை வைக்க உதவியது. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கிடைத்தால் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவாள். பல் கட்ட வரும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருநாள் என்னிடம் குசுகுசுத்தார்.

"இந்த டாக்டர் வேலை செய்யறதப் பாத்தா, பாதியில எழுந்து ஓடிடுவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்கும்மா."

இப்படி இரண்டரை வருடம் போனது. அந்த வருடம் மழை பேயாய்ப் பெய்து, ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஆற்றின் பாலம் நடுவில் உட்கார்ந்துவிட்டது. அக்கரையில் மருத்துவமனை, இக்கரையில் நாங்கள். மூன்றாம் நாள் பட்டாளத்தின் பொறியாளர் பிரிவு வந்து இறங்கியது, தற்காலிக இரும்புப் பாலம் போட. ஐந்தாம் நாள் மதியம், முழங்கால் வரை சேறோடு ஒரு கேப்டன் கிளினிக் படியேறி வந்தார். பெண். ஒரு பக்கக் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது.

"சீக்கிரம் பிடுங்கிடுங்க. மூணு மணிக்கு நான் அங்க இருக்கணும்."

பெரிய டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். சின்ன டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். கீழ்க் கடைவாய்ப்பல், அடியில் சீழ். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும்? நடுவில் தூண் இல்லாமல் எப்படி நிற்கும்? அக்கரைக்கு முதலில் யார் போவார்கள்? வாய் நிறையப் பஞ்சோடு கேப்டன் எதைத்தான் சொல்ல முடியும்? "ம்", "ம்ஹூம்", ஒருமுறை கையால் காற்றில் ஒரு கோடு. பல் வந்து தட்டில் விழுந்த பிறகு எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னார்.

"இவ்ளோ கேக்கறீங்கல்ல, வந்து பாருங்களேன்."

போனாள். அன்றைக்கு, மறுநாள், அதற்கு மறுநாள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை அவள் நாற்காலி காலி. "தலைவலின்னு மேல படுத்திருக்காங்க" என்று நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கே தலை வலித்தது. இக்கரையிலேயே இரும்புச் சட்டங்களைப் பூட்டி, உருளைகளின் மேல் வைத்து, ஆட்கள் சேர்ந்து தள்ளத் தள்ள, பாலத்தின் மூக்கு தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் அங்குலம் அங்குலமாக நீண்டு அக்கரையைத் தொட்டதாம். கடைசி நாள் அவளையும் ஒரு பக்கம் தள்ளவிட்டார்கள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். கிளவுஸ் போடும்போது முகத்தைச் சுளித்தாள், ஆனால் கண் சிரித்தது. அவள் கண் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

பட்டாளம் போய்விட்டது. அவள் மட்டும் முள்ளின் மேல் இருப்பது போல் இருந்தாள். ஒரு மாதம் கழித்து, கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுவேன், கத்தக் கூடாது."

"சொல்லு பாப்பா." நோயாளிகள் முன்னால் டாக்டர், தனியாக இருந்தால் பாப்பா. அவளை ஒன்பது வயதிலிருந்து பார்க்கிறேனே.

"பட்டாளத்துக்கு அப்ளிகேஷன் போட்டுட்டேன். அதிகாரி தேர்வு. எந்தப் பட்டம் இருந்தாலும் போதுமாம். பொறியாளர் பிரிவு வேணும்னு எழுதியிருக்கேன். இன்னும் பதினோரு மாசத்துல வயசு தாண்டிடும்."

நான் கத்தவில்லை. கையிலிருந்த தட்டு கீழே விழுந்து எனக்குப் பதிலாக அது கத்தியது.

வீட்டில் சொன்னது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது. ஞாயிறும் அங்கேதான் சாப்பிடுவேன் என்பதால் நானும் மாட்டிக்கொண்டேன். பெரிய டாக்டர் வாயில் வைத்ததை மென்று முழுங்கிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். அது அவர் பழக்கம்.

"சரி," என்றார். "பட்டாளத்துலயும் பல் டாக்டர் வேணுமே. அதுக்குப் போடலாமே."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அதானே! நல்ல யோசனைங்க. யூனிஃபார்ம் போட்ட மாதிரியும் ஆச்சு, படிச்ச படிப்பும் வீணாகல."

"அங்கயும் இதே நாற்காலிதாம்பா இருக்கும்," என்றாள் அவள்.

"நாற்காலிக்கு என்ன கேடு? நான் முப்பது வருஷம் உக்காரலயா?"

"உங்களுக்கு அது பிடிச்சிருக்கு. எனக்குப் பிடிக்கலன்னு இல்லப்பா, நல்லாவே செய்யறேன். ஆனா காலைல முதல் நோயாளி வாயைத் திறக்கும்போதே, சாயங்காலம் எப்ப வரும்னு தோணுது. இருபத்தஞ்சு வயசுல இப்படித் தோணலாமா?"

"அதுக்காக துப்பாக்கி தூக்கணுமா?" என்றாள் அம்மா.

"பாலம் தூக்கணும்மா."

"ரெண்டும் ஒண்ணுதான்! எங்க போடுவாங்க அந்தப் பாலத்தை? நம்ம தெருவிலயா?"

பெரிய டாக்டர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பல்லைக் கடிச்சுக்கிட்டு இங்கயே இருன்னு நான் சொல்ல முடியாது," என்றார். "பல்லுதான் தேஞ்சுபோகும். ஆனா எனக்கு இதுல சம்மதம் இல்ல." அவ்வளவுதான். வாசல் கதவை அவர் மெதுவாகச் சாத்தியதுதான் பெரிய சத்தமாக இருந்தது.

ஐந்து நாள் தேர்வுக்குப் போனாள். சுவர் ஏறினாள், கயிற்றில் தொங்கினாள், எல்லாம் சரி. கடைசி நேர்காணலில் ஒருவர் கேட்டிருக்கிறார், "நல்ல தொழில். எதை விட்டு ஓடி வர்றீங்க?" இவள் விளையாட்டாக, "ஸ்டூலை விட்டு" என்றிருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. ஆறாம் நாள், தேர்வாகாமல், பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள்.

பெரிய டாக்டர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஆனால் அன்று ஒரு நோயாளியிடம் வானிலையைப் பற்றி உற்சாகமாகப் பேசியதை நான் கேட்டேன். அவளுக்கும் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. காலையில் ஓடப் போவாள், மாலையிலும் ஓடப் போவாள். நடுவில் வேலை செய்வாள், தப்பில்லாமல் செய்வாள், ஆனால் அறை முழுக்க அவள் நிலைகொள்ளாமை மின்விசிறிக் காற்று மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். உறிஞ்சு குழாயைப் பிடித்திருக்கும் என் கைகூட ஆடும். இரண்டாவது தடவை எழுதிப்போட்டாள். வயது தாண்ட ஆறு வாரம் இருந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு.

தேர்வுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் கிளினிக்குக்குள் வந்தார். கையில் புதுக் கோட்டு. "நான் புது டாக்டர். இன்னைலேர்ந்து வரச் சொன்னாங்க." எனக்கே தெரியாது. சின்ன டாக்டர் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டாள். புது டாக்டர் நேராகப் போய், சுவரோரம் இருந்த ஸ்டூலிலிருந்து என் பையை எடுத்து மரியாதையாக என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலை உருட்டி இரண்டாவது நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

போக வேண்டும், போக வேண்டும் என்று ஒரு வருடமாகத் துடித்தவள் அழுதாள். கிளினிக்கின் பின்னறையில், பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதாள். அப்பா உள்ளே வந்தார்.

"அப்ப என்னை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல."

"நான் இன்னும் பாஸ் பண்ணவே இல்லப்பா. திரும்பி வந்தா எங்க உக்காருவேன்?"

"நீ எப்ப உக்காந்த?" என்றார். பிறகு, நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல் சொன்னார்: "நாற்காலி காலியா இருந்தா, நீ அங்க நின்னுக்கிட்டு இங்க பாத்துக்கிட்டு இருப்ப. போன தடவை அப்படித்தான் போன. எனக்கு இப்பவும் சம்மதம் இல்ல. ஆனா அரைகுறையா ஒரு வேலை செய்யறது எனக்குப் பிடிக்காது."

அவள் தேர்வாகிவிட்டாள். நேர்காணலில் இந்தத் தடவை என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"என் இடத்துக்கு வேற டாக்டர் வந்துட்டார், திரும்பிப் போக வழி இல்லன்னு உண்மையச் சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தர் மட்டும்."

பயிற்சிக்குப் போன பிறகு வாரம் ஒருமுறை போனில் பேசுவாள். முதல் மாதத்திலேயே ஏமாந்துபோயிருந்தாள். "அக்கா, ஓடத்தான் விடுவாங்கன்னு வந்தேன். இங்க நிக்கத்தான் கத்துக்குடுக்கறாங்க. வெயில்ல ரெண்டு மணி நேரம் அசையாம நிக்கணும். மூக்குல ஈ உக்காந்தாலும் அசையக் கூடாது. காவலுக்கு நிக்கணும், சாப்பாட்டுக்கு நிக்கணும், எதுக்கு நிக்கறோம்னு தெரியாமயும் நிக்கணும்."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா அடுத்த வாரம் பேசமாட்டேன்."

நான்காம் மாதம் காலெலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தது. ஓடக் கூடாது, பளு தூக்கக் கூடாது. பயிற்சி முகாமின் மருத்துவப் பிரிவில் பல் டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். இவள் கோப்பைப் பார்த்தவர்கள் விடுவார்களா? ஏழு வாரம் அங்கேயே வேலை. குளிரூட்டிய அறை, தனி மேஜை, கூப்பிட்டால் ஓடிவர ஆள். ஏழு வாரம் முடிந்ததும் முகாமின் கமாண்டன்ட் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: பல் மருத்துவ அதிகாரியாக அப்படியே மாற்றிக்கொள்ளலாம், பதவியும் சீக்கிரம் உயரும். இல்லையென்றால், தவறவிட்ட பயிற்சிக்காக ஆறு மாதம் பின்னால் வரும் அணியோடு முதலிலிருந்து சேர வேண்டும்.

அன்றைக்கு அவள் போன் செய்தபோது குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"கால் வலிக்குதுக்கா. அந்த அறைல இருந்தப்ப நிம்மதியா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்பா சொன்னதுதான் சரியோ?"

என்ன பதில் சொல்வது? இரு என்றால் அவள் கால் போகும், வா என்றால் அவள் மனசு போகும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாமென்று, "நல்லா யோசி பாப்பா" என்று மட்டும் சொன்னேன். அவள் யோசிக்கவில்லை. மறுநாளே மூட்டையைத் தூக்கிக்கொண்டு, தன்னைவிட இளையவர்கள் நிறைந்த அணியில் கடைசி ஆளாகப் போய் நின்றுவிட்டாள்.

பயிற்சி முடிந்து பாலம் போடுகிற பிரிவில் இரண்டு வருடம் இருந்தாள். பிறகு எல்லைப் பக்கம் அனுப்பினார்கள். பழைய சண்டையில் புதைத்த கண்ணிவெடிகளை வயல்களிலிருந்து எடுக்கிற வேலை. இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. ஐந்தாம் வருடம் விடுமுறையில் வந்தபோது, கிளினிக்கில் கருவிகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"ஒரு மீட்டர் அகலத்துக்கு வழி குறிச்சு ரெண்டு பக்கமும் நாடா கட்டிப்போம். மண்டி போட்டு, சின்னக் குத்தூசியால சாய்வா மண்ணைக் குத்திக் குத்திப் பாக்கணும். ஒரு நாளைக்கு இருபதடி போனா பெருசு."

"நீயா? மண்டி போட்டா?"

"நானேதான்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எங்க பிரிவுல ஒருத்தர், பாட்டுக்காரர்னு கூப்பிடுவோம். எப்பவும் ஏதாவது முணுமுணுத்துக்கிட்டே இருப்பார். போன வருஷம் தொப்பி காத்துல பறந்துச்சுன்னு நாடாவுக்கு வெளிய நாலு எட்டு வெச்சுட்டார். பாதம் போயிடுச்சு. சுத்தம் பண்ணின இடத்துலேர்ந்து மூணு மீட்டர் தள்ளி விழுந்து கிடந்தார். எல்லாரும் ஓடப் பாத்தாங்க. நான்தான் பொறுப்பு. யாரும் அசையக் கூடாதுன்னு கத்தினேன். அப்புறம் நான் மண்டி போட்டு, முழங்கால் வைக்கற அகலத்துக்கு மட்டும் குத்திக் குத்தி அவர்கிட்ட போனேன். நாப்பது நிமிஷம் ஆச்சு. நடுவுல ரெண்டு வெடி கிடைச்சுது. அவர் மொதல்ல கத்தினார், அப்புறம் அழுதார், அப்புறம் சத்தமே வரல. அக்கா, ஓடியிருந்தா ரெண்டு நொடி. என் உடம்பு முழுக்க ஓடு ஓடுன்னு சொல்லிச்சு. கையை மட்டும் மெதுவா வெச்சிருந்தேன்."

"பிழைச்சாரா?"

"பிழைச்சார். இப்ப செயற்கைக்கால் போட்டுக்கிட்டு பட்டாளத்துச் சாமான் கிடங்குல இருக்கார். பாடறதில்ல."

அப்போதுதான் கவனித்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரில் சத்தம் நின்றிருந்தது. நோயாளி வாயைத் திறந்தபடியே கிடந்தார். பெரிய டாக்டர் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த விடுமுறையில் அவள் கொல்லைப்புறத் தோட்டத்தில் கால் வைக்கவே இல்லை என்பதை எங்களுக்கு முன்பே கவனித்தவர் அவர்தான். துணி காயப்போடக்கூட வாசல்படியிலேயே நின்று அம்மாவிடம் கொடுப்பாள். தெருவிலும் தார் ரோட்டில்தான் நடப்பாள், ஓரத்துப் புல்லில் இறங்கமாட்டாள். அவள் திரும்பிப்போன மறுவாரம் ஆள் வரவழைத்து, செடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கொல்லைப்புறம் முழுக்க சிமெண்டுக் கல் பதித்துவிட்டார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. "இருக்கிற ஒரு தோட்டத்தையும் சுடுகாடாக்கிட்டாரு" என்று என்னிடம் புலம்பினாள்.

"அவ அடுத்த தடவை வந்தா எங்க நடப்பா?" என்றார் அவர். வேறு விளக்கம் கிடையாது.

அடுத்த தடவை வந்தவள் பின்கதவைத் திறந்தாள், பார்த்தாள். அப்பாவின் தோளில் ஒருமுறை நெற்றியை முட்டினாள். பிறகு பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி வந்து, சுவரோரமாக ஒரு வரிசைக் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?" அம்மா ஓடிவந்தாள்.

"இங்க செடி வைங்கம்மா. நான் பழகணும்." வியர்வை சொட்டச் சொட்ட, பெயர்த்த இடத்து ஈர மண்ணில் வெறுங்காலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். எட்டு வைத்துப் பழகும் குழந்தையைக்கூட அப்படி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

இப்போது அவள் மேஜர். மறுபடி பாலப் பிரிவு, இந்தத் தடவை அதன் தலைவர். தலைமையகத்தில் மேஜை வேலை கொடுத்தார்கள், வேண்டாமென்றுவிட்டாள். அதனால் பதவி உயர்வு தள்ளிப்போயிற்று, அது அவளுக்கு உறுத்தத்தான் செய்கிறது, கூடப் படித்தவர்கள் சொந்தக் கிளினிக் வைத்திருப்பதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். பத்து நாள் விடுமுறை என்று வந்தால் ஆறாம் நாளே மாடிக்கும் கீழுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுகிறாள். அமைதி கிடைத்துவிட்டது என்று நான் சொன்னால் அது, எறும்பு கடிக்கற மாதிரிதான் என்பதைவிடப் பெரிய பொய்.

போன மாதம் அப்படித்தான். எட்டாம் நாள் காலை பத்தரை மணிக்குப் போன் வந்தது. வேறெங்கோ வெள்ளம். கால் மணி நேரத்தில் பையோடு இறங்கி வந்தாள். அம்மா அரக்கப்பரக்க எதையோ பொட்டலம் கட்டிக் கையில் திணித்தாள். பெரிய டாக்டருக்கு இப்போது கை லேசாக நடுங்குகிறது, வேலையைப் புது டாக்டரிடம் விட்டுவிட்டார், அவரும் இப்போது புதியவர் இல்லை. பெரிய டாக்டர் வாசலில் நின்றிருந்தார்.

"எத்தனை மீட்டர்?" என்றார்.

ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அறுபது இருக்கும்னு சொல்றாங்கப்பா."

"கரை எப்படி? மண்ணா, பாறையா?"

"போய்ப் பாத்தாதான் தெரியும்."

"மண்ணுன்னா உள்ள தள்ளி அடித்தளம் போடுங்க. மழை நிக்கல இன்னும்."

இதெல்லாம் இவர் எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது போல, ஒரு கணம் அப்படியே பார்த்தாள். "சரிப்பா" என்றாள். வண்டி கிளம்பியது. உள்ளே பதினொரு மணிக்கு வரச் சொன்னவர் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. நான் கிளவுஸை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.